ஃபேன் போட முடியாத ஆட்டம்

தொண்ணூறு நாள். தொண்ணூறாவது நாள் காலையில் டைம் கீப்பர் "வேண்டாம்" என்று சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டிய பிறகுதான் அவர் மனைவியால் அவரை ரயிலேற்ற முடிந்தது.

அவர் முப்பத்தாறு வருஷம் ஒரு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எந்த நிமிஷம் எந்த ரேக்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது அவர் வாயில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் முந்தினால் விசில், ஒரு நிமிஷம் பிந்தினால் திட்டு. ரிட்டயர் ஆன பிறகும் வீட்டு வாசலில் நின்று தெருவில் போகிற வண்டிகளுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ சட்டை தைக்கிற கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் மேஜையில் விரித்து காலர், பட்டன் பட்டி, இரண்டு கை, அடி மடிப்பு என்று விரலை ஓட்டி, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு சட்டைக்கு நாற்பது வினாடி. உட்காரக் கூடாது. அவள் ரிட்டயர் ஆனபோது கம்பெனிக்காரர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். டைம் கீப்பர் வீட்டுக்குக் கடிகாரம் கொடுத்த புண்ணியவான் யாரோ, அவனை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நின்று நின்று முழங்கால் போயிற்று. அவர்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் குளிர், மீதி நாள் ஈரம். காலையில் கட்டிலிலிருந்து இறங்குவதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வெயில் ஊரில் பெரியவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, போய்ப் பாருங்களேன் என்று டாக்டர் சொன்னதும் மகன் குதித்தான். "அம்மாவை ஹோம்ல விட்டுட்டான்னு நாலு பேர் என்னைப் பேசறதுக்கா?" என்றான். "அந்த நாலு பேரும் எனக்குக் கால் பிடிச்சு விடுவாங்களாடா?" என்று கேட்டாள் அவள். தொண்ணூறு நாள் இருந்து பார்ப்பதற்கு டிக்கெட்டை அவளே எடுத்தாள்.

அந்தக் குடியிருப்பு தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் கட்டியவர்கள், வயதானவர்களுக்கு வேண்டியது அமைதி என்று நினைத்து, அடிக்கு ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். பாதி வீடு காலியாகவே கிடந்தது. பிறகு வந்த கூட்டம் வேறு மாதிரி. ரிட்டயர் ஆன மறுநாளே ஷூ வாங்கினவர்கள். பெஞ்சையெல்லாம் பிடுங்கிவிட்டு நடக்கப் பாதை, நீச்சல் குளம், ஒரு பெரிய ஹால், அதில் இரண்டு டேபிள் டென்னிஸ் மேஜை என்று கேட்டு வாங்கினார்கள். முன்பு மகன்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடமாக இருந்தது, இப்போது அப்பா அம்மாவே மகன்களுக்குச் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடமாகிவிட்டது. இப்போது வீடு கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும்.

வந்த இருபதாவது நாள் அவள் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் ஹாலுக்குப் போனாள். முன்னாள் பேங்க் மேனேஜர் ஒருவர் ஜோடி இல்லாமல் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். "அக்கா, சும்மா திருப்பி மட்டும் போடுங்க" என்றார். அவள் போட்டாள். பந்து மேனேஜரின் காதை உரசிக்கொண்டு போயிற்று. சட்டையைப் புரட்டுகிற அதே மணிக்கட்டு, அதே சுழற்றல். இருபத்தொன்பது வருஷமாகக் கண் பார்த்த இடத்தில் கை போய் நின்று பழகியிருந்தது. இரண்டு வாரத்தில் மேனேஜரால் அவளிடம் ஐந்து பாயிண்ட் தாண்ட முடியவில்லை. நாற்பதாவது நாள், கட்டிலிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை என்பதை, இறங்கி முடித்த பிறகுதான் கவனித்தாள். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். இந்த இடத்தை விட்டு இனி எங்கேயும் போக முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டைம் கீப்பருக்கோ பொழுது போகவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து, கிளப்பிவிட வண்டி ஒன்றும் இல்லாமல், குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடந்தார். ஒரே பேப்பரை நாலு தடவை படித்தார். சாயங்காலமானால் "இன்னும் நாப்பத்தஞ்சு" என்பார். மறுநாள் "நாப்பத்தி நாலு" என்பார். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஐம்பத்தெட்டாவது நாள் ஹாலில் சண்டை வெடித்தது.

சண்டைக்குக் காரணம் வெயில்தான். எட்டு மணிக்கு மேல் அந்த ஹாலின் தகரக் கூரை அடுப்பாகிவிடும். அதனால் எல்லாருக்கும் விடியற்காலைதான் வேண்டும். உடற்பயிற்சி கோஷ்டிக்கு டிரில் மாஸ்டர் தலைவர், பாட்டு கோஷ்டிக்கு ஹெட் நர்ஸ் தலைவி. போதாததற்கு, அறுபது வயதில் டான்ஸ் கற்றுக்கொள்கிற பத்துப் பேர். நாலாவது, டேபிள் டென்னிஸ். அன்று பாட்டு கோஷ்டி மைக் செட்டைக் கொண்டுவந்து டென்னிஸ் மேஜை மேலேயே வைத்துவிட்டது. டிரில் மாஸ்டர் விசில் ஊத, ஹெட் நர்ஸ் மைக்கிலேயே திட்ட, குடியிருப்பு முழுக்க அது கேட்டது. ஆபீஸ் மேடம் ஓடி வந்து, இனி ஒரு சத்தம் வந்தால் ஹாலைப் பூட்டிவிடுவேன் என்றாள்.

மூலையில் ஐந்தாவது தடவையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டைம் கீப்பருக்கு மூக்கில் வியர்த்தது.

"ஒரே ரேக்குல நாலு வண்டியக் கொண்டாந்து நிறுத்தினா இடிக்காம என்ன செய்யும்?" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்களே டைம் போட்டுக் குடுங்க சார்," என்றாள் ஹெட் நர்ஸ்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆனால் மாட்டிக்கொண்ட மனுஷன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் மட்டும்தான் பார்த்தாள். அன்றிரவு சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் கேட்டார். மறுநாள் ஒவ்வொரு கோஷ்டியிடமும் போய், எத்தனை பேர், நாற்காலி நகர்த்த எத்தனை நிமிஷம் ஆகும் என்று எழுதிக்கொண்டார். வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தார். "இன்னும் முப்பத்தொண்ணு" என்று சொல்ல மறந்தேபோனார். ஆள் இங்கேயே இருந்துவிடுவார் போலிருக்கிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அறுபதாவது நாள் சார்ட் சுவரில் ஏறியது. ஐந்தேகால், ஆறு பத்து, ஏழு ஐந்து. ஒவ்வொருவருக்கும் ஐம்பது நிமிஷம், மேஜை நாற்காலி மாற்ற ஐந்து நிமிஷம். உடற்பயிற்சி, பாட்டு, டான்ஸ். அவள் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தாள். டேபிள் டென்னிஸ் கடைசி வரியில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். "என்னங்க இது? ரெண்டு மணிக்கு அந்த ஹால்ல எவனாவது நிப்பானா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? சொந்தப் பொண்டாட்டிக்கு நல்ல டைம் போட்டுக்கிட்டான்னு ஒருத்தன் சொல்லிட்டா என் பேரு என்ன ஆகும்? முப்பத்தாறு வருஷத்துல ஒருத்தன் என்னை அப்படிக் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான். அதற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி ஒரு வண்டியில் டிரைவராக இருந்தான். மச்சானுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, ஆளே ஏறாத இரண்டேகால் மணி நடையைப் பதினொரு வருஷம் அவன் தலையில் கட்டினார். காலி வண்டியை ஓட்டி ஓட்டி வெறுத்துப்போன தம்பி அக்கா வீட்டு வாசற்படி மிதிப்பதையே விட்டுவிட்டான். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்க முடியாமல்தான் நின்றாள். இந்தச் சார்ட்டில் கை வைத்தால் மனுஷன் சுருங்கிப்போவார். "கிளம்பு ஊருக்கு" என்பார். வைக்காவிட்டால் ஆட்டம் போயிற்று. இடமும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடாமல் மற்றொன்றைக் காப்பாற்றுவது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

வீராப்பாக இரண்டு மணிக்கே ஆடினாள். டேபிள் டென்னிஸில் இன்னொரு சங்கடம் இருக்கிறது; ஃபேன் போட்டால் அந்த உப்புப் பெறாத பந்து காற்றில் பறந்துவிடும். ஆகவே கூரை கொதிக்க, ஃபேன் நிற்க, எட்டுப் பேர் வேர்வையில் குளித்தார்கள். நாலாவது நாள் மேனேஜருக்குத் தலைசுற்றி ஹெட் நர்ஸ் ஓடி வர வேண்டியதாயிற்று. "அக்கா, பேங்க்ல முப்பது வருஷம் வராத மயக்கம் இங்க வந்துருச்சு, என்னை விட்டுருங்க" என்று கும்பிட்டார். எட்டுப் பேர் ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் அவளும் சுவருமாக ஆடினார்கள். சுவரை ஜெயிக்க முடியாது.

மற்றபடி சார்ட் பிரமாதமாக ஓடியது. சண்டை போன இடம் தெரியவில்லை. டைம் கீப்பர் ஹால் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "சார், நாங்க கிளம்பிட்டோம்" என்று டிரில் மாஸ்டர் சல்யூட் அடித்துவிட்டுப் போவார்.

எழுபத்தைந்தாவது நாள் மாதக் கூட்டம். பதினோரு மணிக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆபீஸ் மேடம் டைம் கீப்பரை மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னாள். கைதட்டல். "யாருக்காவது குறை இருக்கா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டாள்.

முன் வரிசையில் அவள் எழுந்து நின்றாள். எழ வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. குறையைப் பார்த்துவிட்டுச் சும்மா தள்ளிவிடுகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"சார்ட் நல்லாருக்கு. ஒரே ஒரு இடத்துல தப்பு இருக்கு," என்றாள். "பாட்டுக்கு ஃபேன் போடலாம். டான்ஸுக்குப் போடலாம். எக்சர்சைஸுக்கும் போடலாம். எங்களுக்கு மட்டும்தான் போட முடியாது. போட முடியாதவங்களைக் கொண்டுபோய் மத்தியானத்துல வெச்சிருக்கு." அப்புறம் அவரை நேராகப் பார்த்தாள். "ஏங்க, பிரேக் சரியில்லாத வண்டிக்கு மலை ரூட் குடுப்பீங்களா?"

ஹாலில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். டைம் கீப்பர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உங்களுக்குத் தெரியாம நடந்த தப்பில்ல," என்றாள் அவள். "வேற யாராவது இந்த ஆட்டத்தை ஆடியிருந்தா மொத டைமே போட்டுக் குடுத்திருப்பீங்க. நான் ஆடறேன்னுதான் போடல. சொந்தக்காரங்களுக்கு நல்லது பண்றது மட்டும் ஓரவஞ்சனை இல்லைங்க. சொந்தக்காரங்கன்னே பார்த்து ஒதுக்கறதும் ஓரவஞ்சனைதான். என் தம்பிக்குப் பண்ணினீங்க, பொறுத்துக்கிட்டேன். எனக்குப் பண்ணினா பொறுத்துக்க மாட்டேன்."

அவர் மேடையிலிருந்து இறங்கினார். சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தை ஒரு நிமிஷம் தவறவிடாத மனுஷன் வரவில்லை. அவள் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடிக்க மடிக்க அழுகை வந்தது. ஆனால் சொன்னதற்காக வருத்தமில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று மணி வாக்கில் மேனேஜர் கதவைத் தட்டினார். "அக்கா, சார் ஹால்ல இருக்கார். போய்க் கூட்டிட்டு வாங்க, எனக்குப் பயமா இருக்கு."

ஓடினாள். ஹாலின் நடுவில் டென்னிஸ் மேஜைக்குப் பக்கத்தில், ஃபேன் எதுவும் போடாமல், டைம் கீப்பர் நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மட்டை. முகம் செக்கச் செவேல் என்றிருந்தது.

அவள் முதலில் ஃபேனைப் போட்டாள். பிறகுதான் திட்டினாள். "பைத்தியமா உங்களுக்கு? இந்த வயசுல, இந்த வெயில்ல?"

"ரெண்டு மணிலேருந்து ரெண்டு அம்பது வரைக்கும் நின்னு பார்த்தேன்," என்றார். "ரூட்டை ஓட்டிப் பார்க்காம டைம் போட்டுட்டேன். எங்க சர்வீஸ்ல எவனும் இப்படி ஒரு தப்புப் பண்ண மாட்டான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உன் தம்பி ரெண்டேகால் வண்டிய ஓட்டினானே... அந்த வண்டிலகூட நான் ஒரு தடவ ஏறிப் பார்த்ததில்ல."

அவள் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவன் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

இருந்தது. அங்கேயே மேஜைமேல் சாய்ந்துகொண்டு போன் போட்டார். என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை. ஃபேன் சத்தத்தில் பாதி கேட்கவும் இல்லை. "தப்பு என்னுதுப்பா" என்பது மட்டும் இரண்டு தடவை கேட்டது. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

மறுநாள் புதுச் சார்ட் ஏறியது. டேபிள் டென்னிஸ் தினமும் ஆறு பத்து. மற்ற மூன்று கோஷ்டிகளும் வாரத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றி ஐந்தேகால், ஏழு ஐந்து, மத்தியானம் இரண்டு. இரண்டு மணிக்காரர்களுக்கு ஆறு ஃபேனும் உண்டு. "பொண்டாட்டி திட்டினதும் டைம் மாறிடுச்சு பாத்தீங்களா?" என்று டிரில் மாஸ்டர் கிண்டல் செய்தார். "ஆமா, திட்டினா. சரியாத் திட்டினா," என்று டைம் கீப்பர் சத்தமாகவே சொன்னார். அதற்குப் பிறகு கிண்டல் செய்ய அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஓடிப்போன ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். எட்டு, பதினான்கு ஆயிற்று. ஆனால் தங்குவதா போவதா என்று மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதால் அவளுக்கு ராத்திரி தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

தொண்ணூறாவது நாள். ஆறு ஐம்பது. மேனேஜரோடு கடைசி ஆட்டம். நாலுக்கு நாலு. அவள் சர்வீஸ் போடப் போகிற நேரம் பார்த்து டைம் கீப்பர் உள்ளே வந்தார். பின்னால் ஆபீஸ் மேடம், தூக்கம் கலையாத கண்ணோடு, கையில் ஒரு காகிதத்தோடு.

"பத்து மணிக்கு வாங்கன்னேன், கேக்கல," என்றாள் மேடம். "ஆறு மணிக்கே வந்து வீட்டுக் கதவைத் தட்டறார். சார், முடிவைச் சொல்லுங்க. இருக்கீங்களா, கிளம்பறீங்களா?"

ஹால் மொத்தமும் நின்று பார்த்தது. அவள் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை ஏம்மா கேக்கற?" என்றார் டைம் கீப்பர். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எந்த வீடு, எந்தத் தெரு, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எல்லாம் நாந்தான் சொன்னேன். அவளை ஒரு தடவகூடக் கேக்கல. இன்னிக்கு அவ சொல்லட்டும். அவ போகலாம்னா போறேன். இருக்கலாம்னா இருக்கேன்."

காகிதம் டென்னிஸ் மேஜைமேல் வந்தது. அவள் குனிந்து படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை காகிதத்தில் விழுந்தது. கீழே இரண்டு கட்டம். ஒன்றில் மூன்று வருஷம், இன்னொன்றில் பத்து வருஷம்.

"சார், முதல்ல மூணு போட்டு..." என்று ஆபீஸ் மேடம் ஆரம்பித்தாள்.

அவள் பேனாவை வாங்கிப் பத்து வருஷக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். கையெழுத்தும் போட்டாள், அவர் பெயருக்கு மேலே தன் பெயரை முதலில் எழுதி. "அறுபத்து மூணும் பத்தும் எழுபத்து மூணு," என்றாள். "அதுக்கு மேல வேணும்னா வேற காகிதம் அடிச்சுக் கொண்டாங்க. நான் இருக்கேன். சந்தோஷமா இருக்கேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. டைம் கீப்பர் வாட்சைப் பார்த்தார். "ஆறு அம்பத்தி நாலு. ஆறு நிமிஷம்தான் இருக்கு. கையெழுத்துப் போட எடுத்துக்கிட்ட நேரத்துக்கெல்லாம் எக்ஸ்ட்ரா கிடையாது."

"வேண்டாம்," என்றாள் அவள். மேனேஜரைப் பார்த்து, தயாரா என்று தலையை அசைத்தாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு அந்த ஆட்டத்தைப் பதினொன்றுக்கு ஐந்து என்று ஜெயித்து, மேஜையைத் துடைத்து, டான்ஸ் கோஷ்டிக்கு ஹாலைக் காலி செய்து கொடுத்தாள்.